மூன்று விரல் தாழ்ந்து நின்ற லிப்ட்

நல்லூரில் எங்கள் தெருவிலேயே வெளிச்சம் மிகுந்த இடம், என் அம்மா வேலை பார்த்த பனியன் கம்பெனியின் இரண்டாம் மாடி. வெள்ளைத் துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்ணில் பட்டாக வேண்டும் என்பதற்காக, செக்கிங் மேசை ஒவ்வொன்றின் மேலும் இரண்டிரண்டு டியூப் லைட்டுகள் தாழ்வாகத் தொங்கின. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு குண்டு பல்பு. மாலையில் தெருவிலுள்ள நிட்டிங் மெஷின்கள் எல்லாம் ஓடத் தொடங்கியதும் அதுவும் மங்கிவிடும். ஆகவே கல்லூரி விட்டதும் நான் நேராகக் கம்பெனிக்குப் போய், அம்மாவின் மேசையருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எட்டு மணிக்கு அவர் வேலை முடியும்வரை படித்துக்கொண்டிருப்பேன். அப்போது தமிழ் இலக்கியத்தில் இரண்டாம் ஆண்டு. அங்கே யாரும் என்னிடம் அதிகம் பேச மாட்டார்கள். நானும் பேச மாட்டேன். அந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது.

என் ஸ்டூலுக்கு நேர் எதிரே லிப்டின் கதவு. இந்த நினைவுகள் எல்லாம் அந்தக் கதவைச் சுற்றியவை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கியதும் கம்பெனி நான்கு தளங்களாக உயர்ந்திருந்தது. கீழே துணிக் கிடங்கும் கட்டிங்கும், முதல் மாடியில் தையல், இரண்டாம் மாடியில் செக்கிங், மூன்றாம் மாடியில் அயர்னிங்கும் பேக்கிங்கும். நான்கையும் இணைத்தது ஒரு சரக்கு லிப்ட். கோயமுத்தூரில் ஏதோ ஒரு பழைய மில்லிலிருந்து கழற்றி வந்து பொருத்தியது. மடிந்து விரியும் கம்பிக் கதவு, தகரச் சுவர், கூரையின் பின்மூலையில் முன்பொரு காலத்தில் மின்விசிறி இருந்ததற்கு அடையாளமாக ஒரு வட்ட ஓட்டை. 'ஆட்கள் ஏறக் கூடாது' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. எல்லோரும் ஏறினார்கள்.

"அத எழுதுனவன் ஒரு நாளும் இந்தப் படியேறிப் பாத்திருக்க மாட்டானுங்க" என்பார், லிப்டை இயக்கியவர்.

குண்டடம் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். ஐம்பது வயதிருக்கும். யாருக்கும் உறவில்லை என்றாலும் கம்பெனி முழுவதும் அவரை மாமா என்றே அழைத்தது, முதலாளி உட்பட. காலையில் முதல் தடவை பொத்தானை அழுத்துமுன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். லிப்ட் கிளம்பச் சற்றுத் தாமதித்தால், "வா சாமி, வா" என்று தகரச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். அது கிளம்பிவிடும். தட்டாவிட்டாலும் கிளம்பியிருக்கும் என்று நான் நினைத்ததுண்டு. ஆனால் யாரிடமும் சொன்னதில்லை.

முதல் மாடியில், லிப்டுக்கு அடுத்தாற்போல் முதல் மெஷினில், துணி விளிம்புகளைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில், உட்கார்ந்திருந்தவர் ஓவர்லாக் அக்கா. தூத்துக்குடிப் பக்கம் ஊர். நான்கு ஆண்டுகள் கைமடியாக, அதாவது டெய்லருக்கு எதிரே நின்று தைத்த துணியை வாங்கி மடித்து அடுக்குபவராக, இருந்தவர். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கீழே போனதும் காலி மெஷினில் துண்டுத் துணிகளை ஓட்டிப் பார்த்துத் தையல் பழகி, அந்த ஆண்டுதான் சொந்தமாக ஒரு மெஷினில் அமர்ந்திருந்தார். நூல் வெட்டும் சிறு கத்தரியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். வீட்டுக்குப் போகும்போதும் கழற்ற மாட்டார். "இது இல்லன்னா பஸ்ஸுல எவளும் என்னய டெய்லருன்னு நம்ப மாட்டா" என்பார்.

என் அம்மாவை அவர் மதினி என்பார். அம்மாவுக்கு அவர் மேல் பிரியம் உண்டு. கூடவே ஒரு குறையும் உண்டு. தைத்து முடித்த துணிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, அளவும் டெய்லர் நம்பரும் எழுதிய டிக்கெட்டைச் செருகி, லிப்டில் ஏற்றி மேலே அனுப்புவார்கள். லிப்டுக்கு அருகில் இருப்பவரின் கட்டுகளே முதலில் ஏறும். ஏறி, பின்மூலைக்குத் தள்ளப்படும். முதலில் ஏறியது கடைசியில்தான் இறங்கும். ஆகவே ஓவர்லாக் அக்காவின் கட்டுகள் எப்போதும் அம்மாவின் மேசைக்குக் கடைசியாக வந்து சேர்ந்தன.

"ஏனம்மிணி, எல்லாரு கட்டும் வந்தாச்சு, உன்றது மட்டும் நடந்து வருதா?" என்று அம்மா லிப்டுக் குழிக்குள் குனிந்து கூப்பிடுவார்.

"எங்கூரு தூரம்லா மதினி!" என்று கீழிருந்து பதில் வரும்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே, லிப்ட் நிற்கும்போதெல்லாம் நீளமாக ஒரு கீச்சொலி எழுந்தது. பலகையில் ஆணியால் கோடு இழுப்பதுபோன்ற ஒலி. நான் படித்துக்கொண்டிருக்கும் வரி ஒவ்வொரு முறையும் அறுந்து போகும். பூஜைக்கு முந்தின நாள் மெஷின்களைத் துடைத்துக் கழுவும் வேலை நடந்தது. முதலாளி ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கினார். பல்லடம் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். வேலைக்காரர்களிடமும் மரியாதை குறையாமல் பேசுபவர்.

"எல்லாருங் கேட்டுக்கோங்க. மெஷின் ஒண்ணு உடாம எண்ணெ போட்டுப்போடுங்க. எண்ணெ காணாத மெஷினு ஒண்ணும் நாளைக்குப் பூசையில நிக்கக் கூடாதுங்க."

அன்று எனக்கு விடுமுறை. அம்மாவுக்குப் பூக்கட்ட உதவப் போயிருந்தேன். முதல் மாடியில் லிப்டின் முன் நின்றிருந்தபோது, ஓவர்லாக் அக்கா தன் மெஷினைத் துடைத்து முடித்துவிட்டு, நீண்ட மூக்குடைய தன் எண்ணெய்க் கேனை மாமாவிடம் நீட்டினார்.

"மாமா, இந்தாங்க. உங்க வண்டி ஒரு மாசமா அழுவுது. உங்களுக்குக் கேக்காது, பக்கத்துல இருக்க எனக்குல்லா கேக்குது."

"இதுக்கு எண்ணெ போடலாமுங்களா அம்மிணி?"

"எண்ணெ போட்டுக் கெட்டுப்போன மிசின் எங்கனயாவது உண்டுமா? மிச்சம் வைக்காம ஊத்துங்க."

மாமா கேனுடன் மொட்டை மாடிக்குப் போனார். அங்கே ஒரு சிறு அறையில் லிப்டின் மோட்டார் இருந்தது. இறங்கி வந்தபோது கைகள் முழங்கைவரை கறுத்திருந்தன. முகத்தில் அப்படியொரு திருப்தி. லிப்டை மேலே அனுப்பிக் கீழே வரவழைத்தார். அது ஓசையின்றி வந்து நின்றது. முதல் மாடியே கை தட்டியது.

"பாத்தீயளா, புதுப்பொண்ணு கணக்கா வாரத!" என்றார் ஓவர்லாக் அக்கா.

மறுநாள் லிப்டுக்கும் சந்தனம், குங்குமம், கதவின் இரு புறமும் வாழைக்கன்று. பொரித் தட்டுடன் நானும் அம்மாவும் அதில் மூன்றாம் மாடிவரை போய் வந்தோம். அந்த மௌனம் எனக்கும் இதமாகவே இருந்தது. இனி வரிகள் அறுந்து போகாமல் படிக்கலாம் என்று மட்டுமே நினைத்தேன்.

பூஜை முடிந்த அடுத்த வாரம் ஒரு மாலை. லிப்ட் வந்து நின்றது. அட்டைப்பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டியை வெளியே இழுத்தவர் ஒரு கணம் தடுமாறினார். சக்கரம் விளிம்பில் இடித்தது. லிப்டின் தரை, மாடியின் தரையைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. ஒரு விரல் அளவு. அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மறுவாரம் இரண்டு விரல். வாசலில் சாய்வாக ஒரு பலகைத் துண்டு வந்து சேர்ந்தது. "கால் பாத்துங்க" என்று மாமா சொல்லத் தொடங்கினார். முதலில் எச்சரிக்கையாகச் சொன்னார். நாளடைவில் கோயில் மணியடிப்பதுபோல வழக்கமாகச் சொன்னார். பிறகு ஏறுபவர்களே அவர் வாய் திறக்குமுன் "கால் பாத்துங்க" என்று சொல்லிச் சிரித்தபடி ஏறினார்கள்.

எதற்கென்று தெரியாமலேயே நான் அதை என் நோட்டின் ஓரத்தில் குறித்துவைத்தேன். உரைநடைப் பாடத்தின் பக்கவாட்டில் பென்சிலால்: செவ்வாய், சுமையுடன், இரண்டு விரல் கீழே. புதன், சுமையின்றி, ஒரு விரல் மேலே. இதுதான் எனக்குப் புதிராக இருந்தது. சுமையோடு வந்தால் தாழ்ந்து நின்றது. வெறுமையாக வந்தால் தரையைத் தாண்டி உயர்ந்து நின்றது. மோட்டார் நின்ற பிறகும் அது ஒரு நொடி நகர்ந்தது. முன்பு கீச்சென்று கத்திய இடத்தில் இப்போது மூச்சு விடுவதுபோல மெல்லிய ஒரு வழுக்கல். யாரும் பார்க்காத ஒரு மாலையில் எழுந்து போய் வாசல் விளிம்பில் என் கையை வைத்து அளந்தேன். மூன்று விரல்.

கறை வரத் தொடங்கியதும் அதே வாரத்தில்தான்.

வெள்ளை டீ-சர்ட் லாட் அது. அம்மாவின் வேலைமுறை எளியது: துணியை விரித்து, குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, ஒதுக்கிவைப்பார். சாதாரணமாக நாளுக்கு ஒரு ஸ்டிக்கர் தாள்கூடத் தீராது. அன்று இரண்டு தாள் தீர்ந்தது. துவரம்பருப்பு அளவில் கறுத்த எண்ணெய்ப் புள்ளிகள். கறை நீக்கும் திரவத்தைப் பீய்ச்சும் கன்னால் அடித்துப் பார்த்தார். புள்ளி போய், அதைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் நின்றது. டிக்கெட்டுகளைப் பார்த்தார். எல்லாம் ஒரே நம்பர். ஓவர்லாக் அக்காவின் நம்பர்.

பனியன் கம்பெனியில் எண்ணெய்க் கறை என்றால் தையல் மெஷினைத் தவிர வேறெதையும் யாரும் நினைக்க மாட்டார்கள். ஓட்டை என்றால் ஊசி, கறை என்றால் மெஷின். அம்மா அக்காவை மேலே கூப்பிட்டார்.

"இங்க பாரு கண்ணு. இதென்ன?"

அக்கா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எம் மிசின்ல ஒரு சொட்டு ஒழுவல மதினி. சாமி சத்தியமா."

"டிக்கெட்டுல உன்ற நம்பருதான இருக்குது? நானா எழுதுனேன்?"

"நீங்க எழுதல. ஆனா எம் மிசினும் செய்யல."

"அப்பறம் வானத்துல இருந்தா உழுந்துது?"

அக்கா துணியை மேசையில் வைத்துவிட்டுக் கீழே போனார். மெக்கானிக் வந்து அவருடைய மெஷினைப் பிரித்துப் பார்த்தார். ஒழுக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் எண்ணெயைக் குறைத்துவிட்டுப் போனார். அக்கா மெஷினின் அடியில் துணி சுற்றினார். கட்டு ஒவ்வொன்றையும் கட்டுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவினார். தைத்த துணியை மடியில் வைக்காமல் வெள்ளைத் தாளின் மேல் வைத்தார். கறை நிற்கவில்லை. லிப்டுக் குழி வழியாக வரும் அவருடைய பதில்கள் நின்றுபோயின. அம்மாவும் கீழே குனிந்து கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்.

புதன்கிழமை முதலாளி வந்தார். ஒதுக்கிய குவியலிலிருந்து இரண்டு துணிகளை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"அக்கா, சனிக்கெழம காலைல சரக்கப் பாக்க வெளிநாட்டுப் பையரோட ஆளு வர்றாருங்க. அதுக்குள்ள கறை நிக்கோணும். நிக்கலைன்னா அந்தப் புள்ளைய மெஷினை உட்டு எறக்கிக் கைமடிக்கு மாத்திப்போடலாங்க. சங்கட்டந்தான். வேற என்னங்க பண்றது?"

"செரிங்க" என்றார் அம்மா.

அன்றிரவு வீட்டில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "நாலு வருசம் நின்னே கெடந்தவ. இப்பத்தான் உக்காந்தா" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. கறையைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. அதைச் சரியாகச் செய்ததற்காக அவர் வருந்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வியாழன் மாலை நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒதுக்கிவைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தையல் மெஷினிலிருந்து வரும் கறை தையலை ஒட்டித்தானே விழ வேண்டும்? இவையோ தையலுக்குத் தொலைவில், நடு முதுகில், நெஞ்சில், கை மடிப்பில் எனக் கண்ட இடத்தில் இருந்தன. கண்ட இடம் என்றும் சொல்ல முடியாது. துணியை அது கட்டப்பட்டிருந்தபடியே திரும்ப மடித்தபோது எல்லாப் புள்ளிகளும் மேல் மடிப்பில் வந்து சேர்ந்தன. அதாவது தைக்கும்போது விழவில்லை. கட்டிய பிறகு, மேலிருந்து விழுந்திருக்கின்றன. அம்மா கேலியாகக் கேட்டது உண்மையாகவே நடந்திருக்கிறது.

கட்டு கட்டப்படுவது முதல் மாடியில். அவிழ்க்கப்படுவது எனக்கு எதிரே. இடையில் இருப்பது லிப்ட் மட்டும். அதன் பின்மூலையில், விசிறி இருந்த ஓட்டைக்கு நேர் கீழே, முதலில் ஏறும் கட்டுகள்.

ஊகத்தை வைத்து வாய் திறக்க எனக்குத் துணிவில்லை. எட்டு மணிக்கு அம்மாவோடு லிப்டில் இறங்கியபோது, கட்டிங் வேஸ்டிலிருந்து எடுத்த வெள்ளைத் துண்டு ஒன்றைப் பின்மூலையில் விரித்துவிட்டு வந்தேன். "என்ன கண்ணு, லிப்டுக்குப் பாய் போடறயா?" என்று மாமா சிரித்தார். நானும் சிரித்துச் சமாளித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கல்லூரிப் பேருந்தை விட்டுவிட்டு, அம்மாவுக்கும் முன்பாகக் கம்பெனிக்குப் போனேன். கீழ்த்தளத்தில் லிப்டின் கதவு திறந்திருந்தது. வெள்ளைத் துண்டில் நான்கு கறும்புள்ளிகள். துவரம்பருப்பு அளவு. குனிந்து எடுத்தபோது பின்னால் காலடிச் சத்தம். மாமா நின்றிருந்தார். ஒரு கையில் பூஜைக்கு எலுமிச்சம்பழமும் கற்பூரமும். மறு கையில் நீண்ட மூக்குடைய எண்ணெய்க் கேன்.

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. ஆயுத பூஜையோடு அவர் நிறுத்தவில்லை. வெள்ளிதோறும் மேலே போய் ஊற்றியிருக்கிறார்.

துண்டை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். கூரையின் ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். பிறகு கேனைப் பார்த்தார்.

"நானுங்களா கண்ணு?" என்றார் மெதுவாக. மகள் வயதுள்ள என்னிடம் அந்த '-ங்க' எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"மேல எங்கெங்க மாமா ஊத்துனீங்க?"

"கத்துன எடத்துல. அப்பறம் அந்த இரும்புக் கவுறு காஞ்சு கெடந்துது. பாவமா இருந்துது. அதுக்கும் ரெண்டு ஊத்து." கேனைத் தரையில் வைத்தார். "நாஞ் செஞ்சதுக்கு அந்தப் புள்ளைய எறக்கப் பாத்தாங்களே. நானே மொதலாளிகிட்ட சொல்றேன். கேனு அதோடதுன்னும் சொல்லோணுமா?"

"கேட்டா மட்டும் சொல்லுங்க மாமா."

அவர் தலையசைத்தார். கற்பூரத்தை ஏற்றாமலேயே பையில் போட்டுக்கொண்டார்.

அம்மா வந்ததும் துண்டைக் காட்டினேன். என் நோட்டின் ஓரக் குறிப்புகளையும் காட்டினேன். அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பவர். "சுமையின்றி ஒரு விரல் மேலே" என்பதை இரண்டு முறை படித்தார். பிறகு துண்டின் மேல் கன்னை அடித்தார். புள்ளி போனது, சாம்பல் வளையம் நின்றது. அவர் நோட்டையும் துண்டையும் எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்கு நடந்தார். மாமா அவர் பின்னால் போனார். நான் வாசலில் நின்றேன்.

பத்து நிமிடத்தில் லிப்டின் மின்சாரம் நிறுத்தப்பட்டது. கட்டுகள் தலைச்சுமையாகப் படியேறின. மதியம் கோயமுத்தூரிலிருந்து லிப்ட் மெக்கானிக் வந்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். மொட்டை மாடி அறைக்குள் போய் ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். அதற்குள் முதல் மாடியில் பாதிப்பேர் லிப்டின் முன் கூடிவிட்டார்கள். மெஷின்கள் நின்றிருந்தன.

"யாருங்க பிரேக்குக்கு எண்ணெ போட்டது?" என்றார் அவர்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"பிரேக்குன்னா சக்கரத்தைப் புடிச்சு நிறுத்தோணும். இது எண்ணெல ஊறிப்போய்க் கெடக்குதுங்க. லோடு இருந்தா லோடு கீழ இழுக்குது. லோடு இல்லைன்னா அக்கட்ட தொங்குற எடைக்கல்லு மேல இழுக்குது. நிக்கச் சொன்ன எடத்துல நிக்கறதுக்கு அதுக்குத் தெம்பே இல்ல. ரோப்புல இருந்த பழைய கிரீசு வேற கரைஞ்சு ஒழுகிட்டு இருக்குது. தரைக்கும் லிப்டுக்கும் ஏத்தம் எறக்கம் வந்த அன்னிக்கே கூப்புட்டிருக்கோணுங்க. இத்தன நாளு ஆளுகளும் இதுல போயிட்டு வந்தீங்களா?"

சிவப்புப் பெயிண்ட் எழுத்தை எல்லோரும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் கை என் தோள் மேல் வந்து விழுந்தது, சற்று அழுத்தமாக.

"சத்தம் போட்டுட்டே இருந்துச்சுங்க. அதுக்குத்தான்..." என்றார் மாமா.

"பிரேக்குக் கட்டை தேஞ்சுபோனா சத்தம் போடத்தானுங்க செய்யும். அப்பவே எனக்கு ஒரு போன் போட்டிருந்தா அரை நாள் வேலை. நீங்க அது வாயை அடைச்சுப்போட்டீங்க."

"நாந்தானுங்க ஊத்துனேன். ஒவ்வொரு வெள்ளியும்" என்று மாமா முதலாளியைப் பார்த்துச் சொன்னார். காலையில் ஒருமுறை அறைக்குள் சொன்னதை இப்போது எல்லோர் முன்னும் சொன்னார்.

யாரும் அவரைக் கேனைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் கூட்டத்தின் பின்னாலிருந்து ஓவர்லாக் அக்கா முன்னால் வந்தார்.

"கேனு என்னதுங்க மொதலாளி. ஊத்தச் சொன்னதும் நாந்தான். மிச்சம் வைக்காதீயன்னு வேற சொன்னேன். மதினி கண்டுபிடிச்சது சரிதான். எண்ணெ என்னதுதான், என்ன, சுத்தி வந்திருக்கு."

இத்தனை நாளாக அடங்கியிருந்த குரல் அது. கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். முதலாளி மாமாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையிலிருந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தார்.

"மெஷின் ஒண்ணு உடாம எண்ணெ போடுங்கன்னு சொன்னது யாருங்க?" என்று கேட்டார்.

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்க. சும்மா சொல்லுங்க."

"நீங்கதானுங்க" என்றார் என் அம்மா.

"நாந்தானுங்க" என்று ஒப்புக்கொண்டார் முதலாளி. "போங்க, போய் மெஷினை ஓட்டுங்க. நாளைக்கு ஆளு வர்றாரு." இரண்டடி நடந்து திரும்பி, "அம்மிணி, நீயுந்தான். உன்ற மெஷினுக்குப் போ" என்றார்.

அக்கா உட்கார்ந்து மெஷினை மிதித்த சத்தம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அவ்வளவு வேகமாக யாரும் ஓவர்லாக் ஓட்டி நான் கேட்டதில்லை.

அன்று மாலை ஒரு காட்சியைக் கண்டேன். அம்மா தன் மேசையை விட்டு இறங்கவே மாட்டார். எதுவானாலும் குழி வழியாகக் கூப்பிடுவதோடு சரி. அன்று, கறைபட்ட துணிகளின் கட்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி முதல் மாடிக்குப் போனார். ஓவர்லாக் அக்காவின் மெஷின் அருகே தரையில் உட்கார்ந்து, தான் ஒட்டிய சிவப்பு அம்புகளை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினார். அந்த வேலையை மேலேயே செய்திருக்கலாம். அக்கா தைத்துக்கொண்டே இருந்தார்.

"துணிய மடிச்சுப் பாக்கோணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார் அம்மா, உரித்தபடி.

"எனக்கு மட்டும் தோணிச்சா? என் எண்ணெய நானே தேடிட்டு இருந்திருக்கேன்."

"கோவமா?"

"கோவந்தான். நாளைக்குக் கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்தா போயிரும்."

"எங்கூட்டுல கருவாடு ஏது? பச்சப்பயறுக் கடைசல்தான்."

"அப்பம் பாதிக் கோவந்தான் போவும்."

அம்மா சிரித்தார். உரித்த அம்புகள் அவருடைய புறங்கை முழுவதும் ஒட்டியிருந்தன. அதைப் பார்த்த அக்கா, "அதையெல்லாம் கொண்டுபோய் அந்த லிப்டு மேல ஒட்டுங்க மதினி. கொறை அங்கனதான இருந்துச்சு" என்றார். அக்கா விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அம்மா எழுந்து லிப்டின் வாசல் அருகே போய் நின்று, சற்று நேரம் யோசித்தார்.

பையரின் ஆள் வந்து போனார். ஒதுக்கிய துணிகள் நீங்கலாக லாட் தேறியது. லிப்டுக்குப் புதிய பிரேக்குக் கட்டைகள் பூட்டி, கயிறுகளைத் துடைத்து, விசிறி ஓட்டையைத் தகடு வைத்து அடைக்க நான்கு நாட்கள் ஆயின. ஐந்தாம் நாள், லிப்ட் ஏற்ற இறக்கமின்றித் தரையோடு தரையாக வந்து நின்றபோது, அம்மா அதன் உட்சுவரில், மாடித் தரையின் விளிம்புக்கு நேராக, ஒரு சிவப்பு அம்பை ஒட்டினார். அம்பின் முனை விளிம்பைத் தொட்டது. அதன் பிறகு லிப்ட் நின்றதும் "கால் பாத்துங்க" என்பதற்குப் பதில், மாமா அம்பைப் பார்த்து, "நேர் நிக்குதுங்க" என்று சொல்லத் தொடங்கினார். தரையில் கிடந்த சாய்வுப் பலகையைக் கட்டிங் மேசைக்கு முட்டுக்கொடுக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் மூன்றாம் ஆண்டு. முந்தின நாள் முதலாளி வழக்கம்போலத் தளம் தளமாக ஏறினார். "எல்லா மெஷினுக்கும் எண்ணெ போடுங்க" என்றவர், முதல் மாடியில் லிப்டின் முன் நின்று, "இதுக்கு மட்டும் பூப் போதுங்க" என்றார். ஓவர்லாக் அக்கா தன் எண்ணெய்க் கேனை முந்தானைக்குள் ஒளிப்பதுபோலப் பாசாங்கு செய்தார். எல்லோரும் சிரித்தார்கள்; மாமாவும்.

அன்று மாலை லிப்ட் இரண்டாம் மாடியில் வந்து நின்றது. நான் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தேன். மாமா உள்ளே குனிந்து அம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான சொல் வரவில்லை. எழுந்து போனேன். அம்பின் முனை, விளிம்பைவிட ஒரு நூல் கீழே இருந்தது. துணியென்றால் அம்மா பாஸ் போட்டிருப்பார்.

"ஒரு நூலுதான் கண்ணு" என்றார் மாமா. "சொல்லலாமுங்களா, வேண்டாமுங்களா?"

எனக்கு முன்பே அம்மா தன் மேசையிலிருந்து சொன்னார்: "சொல்லிப்போடுங்க மாமா."

அவர் கதவை மூடி, பொத்தானைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, லிப்ட் மெக்கானிக்குக்குச் சொல்ல, போன் இருக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். போகும் வழியில் முதல் மாடியில் நின்றிருக்க வேண்டும். குழி வழியாக ஓவர்லாக் அக்காவின் குரல் ஏறி வந்தது:

"மதினி! இந்தத் தடவ நான் இல்ல, கேட்டியளா!"